ஹாரோவில் வீடு, மூர்கேட்டில் வேலை, மாலையில் டீ

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு லண்டன் வருகிறார். ஆபீஸ் ஊர் நடுவே மூர்கேட்டில். வீடு வடமேற்குப் புறநகரான ஹாரோ பக்கம் பார்க்கிறார், இன்னும் தள்ளி வாட்ஃபோர்ட் போனால் கொஞ்சம் பெரிய வீடாகக் கிடைக்குமே என்றும் ஒரு யோசனை. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று ரயிலில் கழிந்தால் மனுஷன் நிம்மதியாக இருக்க முடியுமா என்று கேட்கிறார். ஆங்கிலேயர்களின் டீ டைம் பண்டங்கள்மேல் சின்ன வயதிலிருந்தே ஆசையாம், ஆனால் முட்டை சாப்பிட மாட்டார். அதையெல்லாம் ருசிக்க 70 பவுண்டு கொடுத்து அந்த மூன்று தட்டு அடுக்கு வைக்கிற ஹோட்டலுக்குத்தான் போகவேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

நான் ஹாரோவையும் மூர்கேட்டையும் இணைக்கிற இதே மெட்ரோபாலிட்டன் ரயில் லைனில் வருஷக்கணக்காகப் போய்வருகிறவன், இந்த ஊர்ப் பலகாரங்களின் கதையைத் தேடித் தேடிப் படிக்கிற பைத்தியமும் உண்டு. அதனால் பதில் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடுக்குத் தட்டு, இங்கே பிறந்தநாளுக்கும் அம்மா அப்பா ஊரிலிருந்து வரும்போதும் போகிற இடம். என்னோடு மாலை ரயிலில் நிற்கிறவர்கள் யாரும் அதை வாராவாரம் சாப்பிடுவதில்லை. அவர்களுடைய டீ டைம் என்பது வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றிப் போட்டு, கெட்டிலைத் தட்டிவிட்டு, ஒரு மக் டீயோடு இரண்டு பிஸ்கட்டோ வெண்ணெய் தடவிய ஒரு க்ரம்பெட்டோ (கல்லில் சுட்ட சின்ன வட்ட ரொட்டி) சாப்பிடுவதுதான். மொத்தச் செலவு ஒரு பவுண்டைத் தொடாது. நீங்கள் ரயிலைத் தனியாகவும் டீயைத் தனியாகவும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நாட்டில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை.

ஒரு காலத்தில் இங்கே பெரிய சாப்பாடு பகலிலேயே முடிந்துவிடும். வேலையும் வீடும் பக்கம் பக்கமாக இருந்த காலம் அது. 19-ஆம் நூற்றாண்டில் வசதியானவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு தள்ளித் தள்ளி ஏழு, எட்டு மணிக்குப் போனது. நாகரிகம் ஒரு காரணம், விளக்கு வசதி ஒரு காரணம், வீட்டு ஆண்கள் தூரத்து அலுவலகங்களிலிருந்து திரும்ப நேரமானதும் ஒரு காரணம். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. 1840 வாக்கில் பெட்ஃபோர்டின் ஏழாம் சீமாட்டி ஆன்னா, சாயங்காலம் பசி தாங்காமல் டீயும் ரொட்டியும் வெண்ணெயும் தன் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், தோழிகளையும் கூப்பிட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவர் ஒருவரால்தான் வந்தது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அந்தப் பள்ளம் எல்லா வீட்டிலும் இருந்ததே. மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் போன குடும்பங்களில் கதையே வேறு. அவர்களுக்கு ஐந்து, ஆறு மணிக்குத் திரும்பியதும் உண்மையான பசி. டீயோடு ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சி எல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே வரும். அதற்குப் பெயர் ஹை டீ.

அப்புறம் லண்டன் குமாஸ்தாக்கள் வந்தார்கள். காலையில் ரயிலேறி ‘சிட்டி’ என்கிற லண்டனின் வணிக மையத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கான பேருக்கு மலிவாக, சாராயக் கடை இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வழியில்லை. 1864-ல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி, சுருக்கமாக ஏ.பி.சி., தன் ரொட்டிக் கடையில் டீயும் போட ஆரம்பித்தது. லண்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கிளையை நடத்திய பெண்மணிதான் முதலாளிகளிடம் பேசி இதற்குச் சம்மதம் வாங்கினார் என்பார்கள். ஒரு பெண் துணையில்லாமல் தனியாக உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடங்கள் ஊரில் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இந்த டீக்கடைகள் செய்த உபகாரம் சின்னதல்ல. 1894-ல் பிக்காடில்லியில் லயன்ஸ் கம்பெனி முதல் டீக்கடையைத் திறந்தது. பின்னாளில் நகரமெங்கும் கிளைகள். கறுப்பு உடையில் வெள்ளைக் காலர், ஏப்ரன், தொப்பியோடு பரிமாறிய பெண்களை ‘நிப்பி’ என்று ஊரே கூப்பிட்டது. நீங்கள் ஐ.டி. ஆள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசில்லை: உலகத்திலேயே வழக்கமான வணிக வேலைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டரை ஓட்டியது இந்த லயன்ஸ்தான். சொந்தமாகக் கட்டிய அந்த இயந்திரத்தின் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது போட்ட கணக்கு, பேக்கரியில் வாரம் எவ்வளவு ரொட்டியும் கேக்கும் பையும் தயாராகின, அவற்றின் மதிப்பு என்ன என்பது. சில வருஷத்தில் ஒவ்வொரு கிளைக்கும் மறுநாள் எத்தனை பன் அனுப்புவது என்பதையும் அதன் தலையில் கட்டினார்கள். நாம் செய்கிற உத்தியோகத்தின் மூதாதை ஒரு டீக்கடைக் கணக்கு.

உங்கள் லைனுக்கு வருவோம். மெட்ரோபாலிட்டன் 1863-ல் பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் நடுவே ஓடிய உலகின் முதல் சுரங்க ரயில். பிறகு வடமேற்கே கிராமங்களுக்குள் நீண்டது, 1892-ல் அமர்ஷம் தாண்டி அய்ல்ஸ்பரி வரை. 1910-லிருந்து 1939 வரை இந்த லைனில் புல்மன் என்கிற சொகுசுப் பெட்டிகள் இரண்டு ஓடின, ஒன்றின் பெயர் மேஃபிளவர், இன்னொன்று கலாட்டீயா. டிக்கெட்டுக்கு மேல் ஆறு பென்ஸோ ஒரு ஷில்லிங்கோ கொடுத்தால் கைவைத்த நாற்காலி, மேஜைமேல் விளக்கு, போகும்போது காலை உணவு, திரும்பும்போது டீ. ஆபீசுக்குப் போய்வருகிற ரயிலில்! 1915-லிருந்து இந்தக் கம்பெனி தன் பாதையோரத்து ஊர்களுக்கெல்லாம் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. பாதையோரத்து நிலத்தில் வீடு கட்டி விற்க 1919-ல் தனிக் கம்பெனியும் வந்தது. தோட்டம் வைத்த வீடு, பக்கத்தில் ஸ்டேஷன் என்று அன்றைக்கு விற்ற அந்த ஆசையின் மிச்சத்தைத்தான் ஹாரோ, வாட்ஃபோர்ட் என்று இன்று உங்களுக்கும் வீட்டு ஏஜெண்டு விற்கப்போகிறார்.

இதில் ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அந்த புல்மன் பெட்டியில் குமாஸ்தா நிம்மதியாகக் குடித்த டீயில் கணிசமான பங்கு நம் ஆட்கள் கிள்ளியது. இலங்கையில் காப்பிச் செடி நோயில் அழிந்து, 1867-ல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை பரவியபோது, மலையில் ஏறி இறங்கியவர்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும். 1890-ல் லிப்டன் அங்கே தோட்டம் தோட்டமாக வாங்கி, விலையைக் குறைத்து, இங்கே ஏழை வீட்டுக்கும் டீயைக் கொண்டுவந்தார். விலை குறைந்ததன் பாரம் யார் முதுகில் ஏறியது என்று விளம்பரத்தில் எழுதவில்லை. இன்றைக்கு இங்கே விற்கும் சாதாரண டீ பேக்கில் பெரும்பங்கு கென்யா, அப்புறம் அஸ்ஸாம்.

சரி, சாப்பாடு. ஒரே ஒரு பண்டத்தில் ஆரம்பிக்கவேண்டும் என்றால் க்ரம்பெட்டில் ஆரம்பியுங்கள். மைதா, ஈஸ்ட், கொஞ்சம் சோடா சேர்த்துத் தண்ணீராகக் கரைத்த மாவை, சூடான கல்லில் வைத்த இரும்பு வளையத்துக்குள் ஊற்றி, திருப்பிப் போடாமல் அடிப்பக்கம் மட்டுமே வேகவிடுகிறார்கள். ஆப்பத்தின் நடுப்பகுதியில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. குமிழிகள் மேலேறி வெடித்து, மேல் முகம் முழுக்க ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும். கடையில் ஆறோ எட்டோ அடங்கிய பாக்கெட்டாகக் கிடைக்கும், வார்பர்ட்டன்ஸ் எங்கும் இருக்கும், சூப்பர்மார்க்கெட்டின் சொந்தச் சரக்கும் மோசமில்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே கடித்தால் சவசவவென்று இருக்கும், இதுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அது டோஸ்டரில் போடவேண்டிய சாமான், அதுவும் ரொட்டித் துண்டுக்கு வைக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு. ஒருமுறை போட்டு எடுத்து, மறுபடி போடுங்கள். அடிப்பக்கம் நல்ல பழுப்பாகி, ஓரம் தட்டினால் டக்கென்று கேட்கவேண்டும். உடனே வெண்ணெய், தாராளமாக. அது உருகி ஓட்டைகளுக்குள் இறங்கி மறைந்துவிடும், தடவினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். அரை நிமிஷம் விட்டு இன்னொரு முறை தடவுங்கள், இரண்டாவது வெண்ணெய்தான் நாக்கில் படுவது. கடிக்கும்போது முகவாயில் வழியும், கர்ச்சீப் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு பிடித்தவர்கள் வெண்ணெய்க்கு மேல் மார்மைட்டை, அதாவது ஈஸ்டிலிருந்து எடுக்கிற உப்புக் கரிக்கும் கறுப்பு விழுதை, ஒரு கோடு இழுப்பார்கள். மார்மைட் உங்களுக்கு முதல் நாளே பிடிக்காது, அதை நான் எழுதியே கொடுக்கிறேன். தேன் வேண்டுமானால் தேன், என் பக்கத்து வீட்டுப் பாட்டி சீஸ் துருவிப் போட்டு கிரில்லில் வைப்பார், அதுவும் பிரமாதம்.

டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்கு நீங்கள் மூர்கேட்டில் ரயில் ஏறும்போது அது நடுராத்திரி இருட்டு. க்ரம்பெட்டின் அருமை அந்த மாதத்தில்தான் தெரியும்.

டீ போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்புப் பாறை வழியே வருவது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டும், டீயின் மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒரு படலம் மிதந்து, கோப்பையைச் சுற்றிப் பழுப்பு வளையம் போடும். டீத்தூள் கெட்டுப்போனதோ என்று நினைக்கவேண்டாம். வடிகட்டும் ஜக் ஒன்று வாங்குங்கள், அல்லது யார்க்‌ஷயர் டீயில் கடினத் தண்ணீருக்கென்றே தனிக் கலவை விற்கிறார்கள், அதை எடுங்கள். டீ பேக்கை மக்கில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூன்று நான்கு நிமிஷம் தொடாமல் விட்டு, பிறகு குளிர்ந்த பாலைக் கொஞ்சமாக ஊற்றவேண்டும். நம் ஊர் மாதிரி பாலும் தூளும் சேர்ந்து கொதித்த கனம் இதில் வராது. அதை எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றம்தான். ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் தின்ற வாய்க்கு இந்த லேசான துவர்ப்பு பொருந்துகிற அழகே தனி.

பிஸ்கட்டில் உங்களுக்குப் பாதி தெரிந்த முகங்கள்தான். நம் வீட்டில் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற மேரி பிஸ்கட், 1874-ல் தெற்கு லண்டன் பெர்மண்ட்சியில் பீக் ஃப்ரீன் கம்பெனி, ரஷ்ய இளவரசி மரியா எடின்பரோ கோமகனைக் கல்யாணம் செய்ததைக் கொண்டாடப் போட்டது. நம் ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற போர்பன் 1910-ல் அதே கம்பெனியில் பிறந்தது. இங்கே இன்றைக்கு மேரியை அவ்வளவாகச் சீண்டுவதில்லை, அந்த இடத்தில் ரிச் டீ என்ற பிஸ்கட் இருக்கிறது. ராஜா என்னவோ டைஜஸ்டிவ்தான், 1892-லிருந்து மெக்விட்டீஸ் போடுவது. அதில் சேர்க்கிற சோடா ஜீரணத்துக்கு நல்லது என்று அன்றைக்கு நம்பியதால் அந்தப் பெயர். ஒரு பக்கம் சாக்லேட் பூசியது 1925-ல் வந்தது, என் கட்சி அதுதான். டீயில் முக்கும் விஷயத்தில் இவர்கள் ரொம்ப சீரியஸ். பிரிஸ்டலில் லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளர் இதை ஆராய்ந்து 1999-ல், சிரிக்கவைத்து யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்குத் தரும் இக் நோபல் பரிசே வாங்கினார். அவர் சொன்ன வழி: செங்குத்தாக நுழைக்காமல் பிஸ்கட்டைப் படுக்கவைத்து, சாக்லேட் மேலே இருக்கும்படி, அடிப்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி முக்கு. மேல் பாகம் காய்ந்து உறுதியாக இருப்பதால் உடைந்து விழாது. நான் செய்து பார்த்தேன், வாய் அகலமான மக் வேண்டும், மற்றபடி சரியாகவே வருகிறது.

ஜாஃபா கேக் என்று ஒன்று, பிஸ்கட் வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள். ஸ்பாஞ்சுக்கு மேல் ஆரஞ்சு ஜெல்லி, அதற்கு மேல் சாக்லேட். இங்கே கேக்குக்கு வாட் வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. இது கேக்கா பிஸ்கட்டா என்று 1991-ல் தீர்ப்பாயம் வரை போனார்கள். நமத்துப்போனால் பிஸ்கட் இளகும், கேக் இறுகும், இது இறுகுகிறது என்பதும் ஒரு வாதம். கேக் என்றே தீர்ப்பானது. ஆனால் உங்களுக்கு இது ஆகாது, முட்டை உண்டு.

முட்டை விஷயத்துக்கே வருகிறேன். க்ரம்பெட், டைஜஸ்டிவ், ரிச் டீ எல்லாம் வழக்கமாக முட்டை இல்லாதவை. ஷார்ட்பிரெட் என்பது மைதா, வெண்ணெய், சர்க்கரை, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து வாக்கர்ஸின் சிவப்புக் கட்டம் போட்ட டப்பாவை விமான நிலையத்திலேயே பார்ப்பீர்கள். ஃப்ளாப்ஜாக், ஓட்ஸை வெண்ணெயும் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப் பாகும் சேர்த்துப் பிசைந்து சுட்டு வில்லை போட்டது, ரயிலில் பையில் வைத்துக்கொள்ள இதைவிடத் தோதான பண்டம் கிடையாது, சிந்தாது, மணக்காது, ஒன்று தின்றால் இரவுச் சாப்பாடு வரை தாங்கும். ஆகாத கேக் வகையறா: விக்டோரியா ஸ்பாஞ்ச், பேட்டன்பர்க், லெமன் ட்ரிஸில், பேக்வெல் டார்ட். இவற்றுக்கெல்லாம் முட்டைதான் உயிர். ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி இரண்டுங்கெட்டான். மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மேலே பளபளப்புக்குப் பூசுகிற கடைகள் உண்டு. பாக்கெட்டில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், இவர்கள் கணக்கில் முட்டை சைவம். சேர்மானப் பட்டியலில் ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்தில் காட்டுவது சட்டம், முட்டையும் அதில் ஒன்று என்பதால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கடையிலேயே செய்து பொதியிட்டு வைப்பதற்கும் 2021 அக்டோபரிலிருந்து முழுப் பட்டியல் ஒட்டவேண்டும். கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்திருப்பதற்கு மட்டும் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள், ஒரு ஃபைலைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள். வில்ட்‌ஷயர் பக்கத்து லார்டி கேக்கைத் தொடாதீர்கள், அது பன்றிக் கொழுப்பு. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி வகையறாவில் ஜெலட்டின் இருக்கலாம்.

ஸ்கோனை வாரநாளில் சாப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது வெந்த அன்றைக்கே, முடிந்தால் வெதுவெதுப்போடு சாப்பிடவேண்டியது. சனிக்கிழமை அதே மெட்ரோபாலிட்டன் லைனில் எதிர்த்திசையில் ஏறுங்கள். செஷம் வரை போய் இறங்கி, செஸ் ஆற்றங்கரையோடு ரிக்மன்ஸ்வர்த் வரை சுமார் 16 கிலோமீட்டர் நடக்கலாம். முடியாவிட்டால் அமர்ஷமில் இறங்கி பழைய ஊர்த்தெருவுக்கு நடந்தாலே போதும். நேஷனல் ட்ரஸ்ட் பராமரிக்கும் பழைய மாளிகைகளில் டீ ரூம் இருக்கும், மேற்கு லண்டனிலேயே ஆஸ்டர்லி பார்க் உண்டு. ஒரு பெண்மணி பத்து வருஷமாக நேஷனல் ட்ரஸ்ட் இடங்களுக்கெல்லாம் போய் 244 இடத்தில் ஸ்கோன் தின்று, 2023-ல் வட அயர்லாந்தின் ஜெயண்ட்ஸ் காஸ்வேயில் முடித்தார். செய்தி படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வந்தது. அங்கே ஸ்கோனில் வெண்ணெய்க்குப் பதில் தாவர மார்ஜரின் போடுகிறார்கள் என்று 2024-ல் பத்திரிகைகளில் ஒரே ரகளை. உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

சரியாக வெந்த ஸ்கோனுக்கு இடுப்பில் ஒரு வெடிப்பு ஓடும், கத்தி வேண்டாம், இரண்டு கையால் திருகினாலே பிளந்துவிடும். அதன்மேல் வைப்பது க்ளாட்டட் கிரீம், அகலமான பாத்திரத்தில் கிரீமை மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டால் மேலே திரளுகிற கெட்டி ஆடை. கார்ன்வால் க்ளாட்டட் கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்கவேண்டும் என்பது விதி. கார்ன்வால்காரர்கள் ஜாமுக்கு மேல் கிரீம் வைப்பார்கள், டெவன்காரர்கள் கிரீமுக்கு மேல் ஜாம். விளையாட்டுச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். 2018-ல் கார்ன்வாலில் இருக்கும் லான்ஹைட்ராக் மாளிகை தன் விளம்பரப் படத்தில் கிரீமை முதலில் வைத்துவிட்டு, உள்ளூர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நான் ஜாம் முதலில் கட்சி, சூடான ஸ்கோனில் கிரீம் நேரே பட்டால் உருகி வீணாகிறது.

இனி ரயில். மாலை ரயில் ஆல்ட்கேட்டில் கிளம்பி, லிவர்பூல் ஸ்ட்ரீட் வழியாக மூர்கேட்டுக்கு வருகிறது. அதனால் உங்கள் ஸ்டேஷனில் உட்கார இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு, பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஏறுகிறவர்கள்தான் பாவம். காலையில் ஹாரோவில் நின்றுகொண்டே ஏறவேண்டியிருக்கும், ஆனால் நெரிசல் நேரத்து ஃபாஸ்ட் வண்டிகள் அங்கிருந்து ஃபிஞ்ச்லி ரோடு வரை எங்கும் நிற்காது. நெரிசல் நேரத்துக்கான பீக் கட்டணம் வாரநாளில் காலை ஆறரை முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் ஏழு. செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம். வாரத்தில் எந்த நாள் ஆபீஸ் என்று நீங்களே முடிவு செய்யலாம் என்றால் திங்களும் வெள்ளியும் கேட்டு வாங்குங்கள். ரயிலில் சாப்பிடத் தடை இல்லை, 2008 ஜூனிலிருந்து மதுவுக்குத்தான் தடை. ஆனால் மணக்கிற எதையும் திறக்காதீர்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், பெட்டி முழுக்க உங்களை வெறுக்கும். அவர்கள் நிர்வாகத் தவறால் 15 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கேளுங்கள்.

ஹாரோவா வாட்ஃபோர்டா? ஹாரோ. யோசிக்கவே வேண்டாம். சுவிஸ் பொருளாதாரக்காரர்கள் ஸ்டட்ஸர், ஃப்ரே இருவரும் ஜெர்மானியத் தரவை வைத்துக் கண்டது இதுதான்: நல்ல சம்பளத்துக்கோ பெரிய வீட்டுக்கோ நெடுந்தூரப் பயணத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அந்த லாபத்தால் ஈடாகாமல், திருப்தியில் குறைந்தே இருந்தார்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 2004-ல் டெக்சஸில் வேலைக்குப் போகும் 900 சொச்சம் பெண்களிடம் முந்தின நாளை மணிக்கு மணி கேட்டபோது, காலையில் ஆபீசுக்குப் போகிற நேரம்தான் அடிமட்டத்தில் இருந்தது. இன்னொரு ரூமுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடுவோம், ரயிலில் நிற்கிற கூடுதல் இருபது நிமிஷத்துக்குப் பழகவே மாட்டோம் என்பது என் அனுபவமும்கூட. ஹாரோவில் இட்லி மாவு, கறிவேப்பிலை எல்லாம் நடக்கிற தூரத்தில் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும் என்பது தனி லாபம்.

நிம்மதி பற்றிக் கேட்டீர்கள். பயணத்தை உபயோகமாக்குகிறேன் என்று லாப்டாப்பை மடியில் விரிக்காதீர்கள், அந்த நேரத்தை ஆபீஸ் சீக்கிரமே தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஃபிஞ்ச்லி ரோட்டில் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்புங்கள், வீடுகளின் பின்கட்டும் கொல்லையும் கொடியில் துணியுமாக ஊர் தன் அலங்காரமில்லாத முகத்தைக் காட்டும். ஹாரோவில் இறங்கி சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், அன்றைக்குத் தேதி முடிகிற பலகாரங்களுக்கு யெல்லோ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், பாதி விலை, சில நாள் அதற்கும் கீழே. என்னவாவது ஒன்று, தினமும் மாற்றி மாற்றி. காலையில் நெரிசலில் நிற்கும்போதே சாயங்காலம் என்ன தின்பது என்று யோசிக்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாக அந்த 70 பவுண்டு. ரிட்ஸ் மாதிரி இடங்களில் அதற்கு மேலேயே ஆகும், வாரக்கணக்கில் முன்பதிவு வேண்டும், ரிட்ஸில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். தனியாகப் போகாதீர்கள், வீண். ஊரிலிருந்து அம்மா வரும்போது போங்கள், முட்டை கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வீகன் டீ என்றே தனி மெனு பல ஹோட்டல்களில் உண்டு. கீழ்த்தட்டு சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக் என்று கீழிருந்து மேலே போகவேண்டும். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை அசட்டையாக நினைக்காதீர்கள், காகிதக் கனத்தில் சீவி, உப்புப் போட்டுத் தண்ணீரைப் பிழிந்து, ரொட்டி ஊறாமல் இருக்க ஓரம் வரை வெண்ணெய் பூசிச் செய்தால் அந்தத் தட்டிலேயே அதுதான் உசத்தி. சாண்ட்விச்சும் டீயும் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கூடுதல் காசில்லாமல் கொண்டுவருவார்கள். மேல்தட்டு வரை போவதற்குள் வயிறு நிரம்பிவிடும், மிஞ்சிய கேக்கைப் பெட்டியில் கட்டிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரிய ஹோட்டலில் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படவேண்டாம், அவர்களே பெட்டி தயாராக வைத்திருப்பார்கள்.